தாலி இல்லை, பாஸ்போர்ட் இரண்டு: மணமாகாத இணையர் ஒரே நாட்டில் வாழ்வதற்கான வழிகள்

சென்னையில் மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் முதலில் பழகுவது மறைப்பதற்குத்தான். வீட்டு உரிமையாளரிடம் "அலுவலக நண்பர்" என்று ஒரு பொய், எதிர்வீட்டு அம்மாளிடம் "தூரத்து உறவு" என்று இன்னொன்று. ஊரிலிருந்து பெற்றோர் வரும் வாரத்தில் ஒருவருடைய துணிமணிகள் எல்லாம் மூட்டை கட்டி நண்பர் வீட்டுக்குப் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். சேர்ந்து எடுத்த படங்கள் எங்கும் ஏறாது. அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார் என்று பழைய அரட்டைகளையும் அழித்திருப்பார்கள்.

இணையர் வெளிநாட்டவராக இருந்து, இருவரும் ஒரே நாட்டில் வாழ விசா கேட்கும் நாள் வரும்போது இந்தப் பழக்கம் காலை வாரிவிடுகிறது. விசா அதிகாரி கேட்பது இதற்கு நேர்மாறானது: நீங்கள் சேர்ந்து வாழ்வது யாருக்குத் தெரியும்? தெரியும் என்பதற்குத் தாள் எங்கே?

சென்னையில் இருக்கும் இந்தியக் குடிமக்களில் துணை வேறு நாட்டவராக உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வெள்ளைக்காரராக இருக்கலாம். டொராண்டோவில் பிறந்த ஈழத்தமிழராகவும் இருக்கலாம். குடியேற்றச் சட்டத்துக்கு இருவரும் ஒன்றுதான். கட்டணங்களும் வருமான வரம்புகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எந்த நாடு?

வழிகள் மூன்று. அவர் இந்தியாவுக்கு வருவது. நீங்கள் அவருடைய நாட்டுக்குப் போவது. இருவரில் ஒருவருக்கு வேலையோ படிப்போ கிடைத்த மூன்றாவது நாட்டில் மற்றவர் துணையாகச் சேர்ந்துகொள்வது. முதல் இரண்டைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுபவர்கள் அதிகம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எம்ப்ளாய்மெண்ட் பாஸில் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் நிலையான சம்பளம் வாங்குபவர், பதிவுத் திருமணம் செய்யாத வாழ்க்கைத்துணைக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். சென்னையிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம்தான். பெற்றோரிடம் இன்னும் சொல்லாதவர்களுக்கு இந்தத் தூரம் தோதானதும்கூட.

நாட்டை முடிவு செய்யாமல் ஆவணங்களைத் திரட்டத் தொடங்காதீர்கள். ஒரு நாடு "சேர்ந்து வாழ்ந்த பன்னிரண்டு மாதம்" கேட்கும். இன்னொன்று "இரண்டாண்டு உறவு" கேட்கும். வேறொன்று திருமணச் சான்றிதழைத் தவிர எதையும் பார்க்காது.

இந்தியாவில் என்ன நிலை

மணமாகாமல் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமல்ல. 2010-இல் நடிகை குஷ்பு மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

இவற்றில் ஒன்றுகூட விசாவுக்கு உதவாது. இந்திய விசா விதிகளில் மணமாகாத இணையர் என்றொரு வகையே கிடையாது. இந்தியரின் கணவனுக்கோ மனைவிக்கோ தரப்படும் என்ட்ரி விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். ஆகவே உங்கள் துணை சென்னையில் இருக்க விரும்பினால், உங்களைக் காரணமாகக் காட்டாமல் தன் சொந்தக் காலில் ஒரு விசா பெற வேண்டும்.

சுற்றுலா விசா எளிது, ஆனால் குறுகியது. ஓராண்டு, ஐந்தாண்டு இ-சுற்றுலா விசாக்களில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் குடிமக்கள் ஒரு வருகையில் 180 நாள் வரை தங்கலாம். மற்றப் பெரும்பாலான நாட்டவர்களுக்கு 90 நாள். இங்கிருந்தபடி நீட்டிக்க முடியாது. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்வதும் கூடாது. ஐரோப்பியர் ஒருவர் 90 நாள் முடிந்ததும் கொழும்புக்கோ பாங்காக்குக்கோ போய்த் திரும்பி வருவதை ஒரு வாழ்க்கை முறையாகவே வைத்துக்கொள்வது உண்டு. ஒன்றிரண்டு முறை இது ஓடும். பிறகு விமான நிலையக் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

வேலை விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் போன்ற சிலருக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஜெர்மனோ பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ தாய்மொழியாக உள்ளவருக்குச் சென்னையில் இது உண்மையான வாய்ப்பு. மாணவர் விசா இன்னொரு வழி. படிப்பு முடியும் வரை இருக்கலாம். ஆனால் படிக்க வேண்டும்! பெயருக்குச் சேர்ந்துவிட்டு வகுப்புக்கே போகாதவர்கள் விசா நீட்டிப்பின்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வந்தவர், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எஃப்ஆர்ஆர்ஓ என்று எல்லோரும் சொல்லும் இந்த அலுவலகம் சென்னையில் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. விண்ணப்பம் முழுவதும் இணைய வழியில்தான். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெளிநாட்டவருக்கு வீட்டில் தங்க இடம் கொடுப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். சி படிவம் என்று நெடுநாளாக அழைக்கப்படுவது இதுதான். நட்சத்திர விடுதிக்கு மட்டுமான விதி என்று நினைத்து வீடுகளில் யாரும் செய்வதில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. கடமை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தத் தேதியில் இந்த முகவரிக்கு இந்த வெளிநாட்டவர் வந்தார் என்று இந்திய அரசின் தளமே தரும் ஒப்புகை அது. இரண்டாண்டு கழித்து வேறொரு நாட்டு அதிகாரியிடம் சேர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க இதைவிட நல்ல தாள் சென்னையில் கிடைப்பது அரிது. ஒவ்வொரு வருகைக்கும் பதிந்து, அச்செடுத்து வையுங்கள்.

நீங்கள் அவருடைய நாட்டுக்குப் போவதென்றால்

நாடுகளை மூன்று கூட்டமாகப் பார்க்கலாம்.

முதல் கூட்டம், மணமாகாத உறவை ஏற்றுக்கொண்டு, அதற்குக் காலக்கணக்குக் கேட்பவை. கனடாவில் துணை குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால் உங்களை ஸ்பான்சர் செய்யலாம். நீங்கள் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதம் கனடாவில்தான் கழிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெசன்ட் நகரில் கழிந்ததும் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவும் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாத உறவைப் பொதுவாகக் கேட்கிறது. ஆனால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில் உறவைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு மாத நிபந்தனை விலகிவிடும். மெல்போர்னிலோ சிட்னியிலோ துணை இருந்தால் முதலில் இதை விசாரியுங்கள். ஆஸ்திரேலியத் துணைவர் விசாவின் கட்டணம் ஒன்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது. மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தயாராகுங்கள். நியூசிலாந்து, நிரந்தர வசிப்புரிமைக்குப் பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது.

பிரிட்டன் அண்மையில் தன் விதியைத் தளர்த்தியது. முன்பு இரண்டாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 31 முதல், திருமணத்தை ஒத்த உறவில் இரண்டாண்டு இருந்தால் போதும். ஒரே கூரையின் கீழ் இல்லாததற்கு நியாயமான காரணம் காட்டலாம். சென்னைக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அங்கே இடிப்பது வருமானம்: 2024 ஏப்ரல் முதல், புதிதாக விண்ணப்பிப்பவரின் பிரிட்டன் துணைக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் தேவை. போதிய சேமிப்பைக் காட்டியும் ஈடுகட்டலாம்.

இரண்டாம் கூட்டம், முன்பே சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தாதவை. சுவீடனில் சேர்ந்து வாழப்போகிறோம் என்பதே விண்ணப்பத்துக்குப் போதும். நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையானது என்று காட்ட வேண்டும், அங்கிருக்கும் துணைக்கு வீடும் வருமானமும் இருக்க வேண்டும். நெதர்லாந்து, நிலையான, வேறெவருக்கும் இடமில்லாத உறவு என்பதை ஏற்கிறது. ஆனால் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தியர்கள் கிளம்புவதற்கு முன்பே டச்சு மொழி, சமூகம் பற்றிய ஒரு தேர்வை எழுத வேண்டும். நீங்கள் மணமாகாதவர் என்பதற்குச் சான்றும் வேண்டும். பிரான்சில் பேக்ஸ் என்ற பதிவு உடன்படிக்கை இருக்கிறது. திருமணத்துக்கு ஒரு படி கீழே. அது வசிப்பு அனுமதி அட்டையைத் தானாகக் கையில் கொடுக்காது. சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றோடு சேர்த்துத்தான் எடைபோடுவார்கள்.

மூன்றாம் கூட்டம், தாலியோ மோதிரமோ இல்லாமல் குடும்ப விசா என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதவை. இந்தியா இதில் சேரும், ஜெர்மனியும் அப்படித்தான். ஜெர்மனியில் மணம் செய்துகொள்வதற்கென்றே ஒரு விசா உண்டு. அதற்கும் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்ச்சி பொதுவாகத் தேவைப்படுவதால், நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன் வகுப்புகளில் இந்தக் காரணத்துக்காகவே ஜெர்மன் படிப்பவர்களைப் பார்க்கலாம். அமெரிக்காவும் மணமாகாத இணையரைக் குடும்பமாகக் கருதாது. அமெரிக்கக் குடிமகன் தன் வருங்கால மனைவிக்கோ கணவனுக்கோ கே-1 விசா கேட்கலாம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவரால் முடியாது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டாண்டுக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும், அமெரிக்காவில் இறங்கிய 90 நாளுக்குள் மணம் முடிக்க வேண்டும். இன்னொரு சிறு சந்து உண்டு: அமெரிக்காவில் நீண்டகால வேலை அல்லது மாணவர் விசாவில் இருப்பவரோடு சேர்ந்து வாழும் துணை, பி-2 வருகை விசா கேட்கலாம். விதியில் இடம் இருக்கிறது. கிடைப்பது தூதரக அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.

வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகம் 2020-இல் மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் துணைக்கு ஸ்பான்சர் விசா வேண்டுமென்றால் திருமணச் சான்றிதழ்தான்.

"பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்"

முதல் கூட்டத்து நாடுகளைப் படித்ததும் உங்களுக்கு இந்தப் பழமொழி நினைவுக்கு வந்திருக்கும். சேர்ந்து வாழ விசா வேண்டும். விசாவுக்குச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். துணைக்குச் சுற்றுலா விசாவில் 90 நாள்தான் என்றால் பன்னிரண்டு மாதத் தொடர்ச்சிக்கு எங்கே போவது?

இதற்கு நான் சொல்லும் விடைகள் இவை. இருவரில் ஒருவருக்கு நீண்ட விசா கிடைக்கும் இடத்தில் ஓராண்டைக் கழியுங்கள். அது சென்னையாக இருக்கலாம், துணையின் நாட்டில் நீங்கள் படிக்கும் ஓராண்டு மேற்படிப்பாகவும் இருக்கலாம். ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால், துணையின் ஊரிலேயே இடம் தேடுவது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அது முடியாதென்றால், இரண்டாம் கூட்டத்து நாடுகளில் துணைக்கு வேலை கிடைக்குமா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் தன் சொந்த நாட்டை விட்டு ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் குடியேறினால், நிரூபிக்கப்பட்ட நீடித்த உறவில் இருக்கும் துணையின் வருகையை எளிதாக்கும் கடமை அந்த நாட்டுக்கு உண்டு. உரிமை என்று சொல்லும் அளவுக்கு வலுவானதல்ல. ஆனால் கதவைத் தட்ட ஒரு காரணம்.

கனடாவில் மட்டும் இன்னொரு வகை இருக்கிறது. உறவு ஓராண்டைத் தாண்டியிருந்து, சட்டத் தடை போன்ற வலுவான காரணத்தால் மணக்கவும் முடியாமல் சேர்ந்து வாழவும் முடியாமல் போனவர்களுக்கானது. "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது தனியாக அதற்குப் போதாது. நம் ஊர்க்காரர்கள் பலர் இதைத்தான் காரணமாக எழுதி மறுப்பு வாங்குகிறார்கள்.

சென்னையில் ஆவணக் கோப்பைத் தயாரிப்பது

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய அதிகாரிகள் நான்கு பக்கமாகப் பார்ப்பார்கள்: பணம், வீடு, சமூகம், எதிர்கால உறுதி. வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் கோப்பை இப்படியே பிரித்து அடுக்குங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். சென்னையில் வாடகை ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஒருவர் பெயரில் எழுதப்படுவது. இதில் இரண்டாவது பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சொல்வது எளிது. "ஃபேமிலிக்கு மட்டும்" என்று பலகை வைத்த உரிமையாளரிடம் எப்படிக் கேட்பது? நேராகக் கேளுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் தங்குவதால் அரசுக்குத் தகவல் தர வேண்டியிருக்கிறது, அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு உங்களுக்கும் கேள்வி வரும் என்று சொன்னால், ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு சட்டத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். மறுப்பவர் மறுப்பார், அந்த வீடு உங்கள் விசாவுக்குப் பயன்படாது, வேறு பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. இரண்டு பெயரோடு பதிவு எண்ணும் பெற்ற ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. மின்கட்டண ரசீது உரிமையாளர் பெயரில்தான் வரும், அதை நம்ப வேண்டாம். இணைய இணைப்பு, எரிவாயு, வீட்டுக்கு வரும் பொருள்களின் ரசீது ஆகியவற்றை ஆளுக்குச் சிலதாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் தாள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன், வங்கியில் கவிதா எஸ். மூன்றும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். ஒட்டாவாவில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பெண்கள். இனிமேல் எழுதும் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பழையவற்றுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கிவிடுங்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி அரை மணி நேர வேலை.

பணம்: சுற்றுலா விசாவில் வந்துபோகும் வெளிநாட்டவரோடு இங்கே கூட்டுக் கணக்குத் தொடங்குவது சிக்கலானது, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதைவிட, உங்கள் வங்கி வைப்புத்தொகைக்கு அவரை நாமினியாகப் போடலாம். நாமினி உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று வங்கியில் கட்டாயம் இல்லை. வாடகையில் பாதியை அவர் கணக்கிலிருந்து மாதாமாதம் அனுப்பட்டும், "வாடகை" என்று குறிப்பும் எழுதட்டும். ரொக்கமாகக் கொடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள்.

சமூகம்தான் நம்மவர்கள் தடுமாறும் இடம். மாமல்லபுரம் கடற்கரையில் இருவர் மட்டும் நிற்கும் ஐம்பது படங்கள் அதிகாரிக்குச் சுற்றுலாவைத்தான் காட்டும். உங்கள் தோழியின் திருமணத்தில் பந்தியில் மற்றவர்களோடு அவர் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு படம், இவர்களை ஊர் ஒரு ஜோடியாகப் பார்க்கிறது என்று சொல்லிவிடும். அழைப்பிதழின் உறையில் இருவர் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் உறையையும் எடுத்து வையுங்கள். பெற்றோருக்குத் தெரியாது என்றால் அதை மறைக்காதீர்கள். ஏன் சொல்லவில்லை, யாருக்குத் தெரியும், எப்போது சொல்ல எண்ணம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் நேர்மையாக எழுதலாம். சாதியோ மதமோ காரணமென்றால் அந்தச் சூழலை விளக்குங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. உடன்பிறந்த ஒருவர், கல்லூரி நண்பர் இருவர், அலுவலக மேலாளர் என்று உறவை அறிந்தவர்களிடம் எழுத்துமூலம் வாக்குமூலம் வாங்குங்கள். "இவர்கள் நல்லவர்கள்" என்ற பொதுப்பேச்சு வேண்டாம். எப்போது சந்தித்தார்கள், வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

அரட்டைகளை அழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். முழுவதையும் அச்செடுத்து அனுப்பத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு பக்கம், பிரிந்திருந்த காலத்து அழைப்புப் பதிவுகள், விமான டிக்கெட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைகள் போதும்.

அரசுச் சான்றுகளில் இரண்டு முக்கியம். திருமணமாகாதவர் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து வாங்கலாம். போலீஸ் சான்றிதழை பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மையங்களில் ஒன்றில் நேரம் வாங்கிப் போக வேண்டும். இதை முன்கூட்டியே வாங்கி வைத்தால் விண்ணப்பிக்கும்போது காலாவதியாகியிருக்கும், கேட்கும்போது வாங்குங்கள். வெளிநாட்டில் காட்ட வேண்டிய தனிப்பட்ட ஆவணங்களுக்கு மாநில உள்துறையின் சான்றொப்பமும் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படும். ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. தன் தூதரகம் வழியாகத் தனியே விசாரித்துச் சரிபார்க்கும், அதற்குச் சில மாதங்கள் ஆகும்.

"திருமண நிலை" என்ற கட்டம்

எல்லா விசா படிவத்திலும் இந்தக் கட்டம் இருக்கிறது. நம்மவர்கள் யோசிக்காமல் "மணமாகாதவர்" என்று நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாண்டு கழித்து, "மூன்றாண்டாகச் சேர்ந்து வாழ்கிறோம்" என்று துணைவர் விசா கேட்கும்போது பழைய படிவம் எதிரே வந்து நிற்கும். எந்த நாட்டின் விளக்கத்தில் உங்கள் உறவு "சேர்ந்து வாழும் துணை" ஆகிறது என்று பார்த்து, அந்த நாளிலிருந்து எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள்.

கனடாவில் இது இன்னும் கடுமை. நீங்கள் தனியாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து, அப்போது சேர்ந்து வாழ்ந்த துணையைச் சொல்லாமல் விட்டால், பிற்பாடு குடும்ப வகையில் அவரை ஸ்பான்சர் செய்யும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் கனடா ஐந்தாண்டும் பிரிட்டன் பத்தாண்டு வரையும் தடை விதிக்கின்றன.

சரி, திருமணத்தையே செய்துவிடலாமா?

பல ஜோடிகளுக்கு இதுதான் மலிவான, விரைவான வழி. நான் யாரையும் இதற்குத் தள்ள மாட்டேன். விசாவுக்காக அவசரமாகச் செய்த திருமணம் முறிந்தால் விசாவும் சேர்ந்து முறியும். ஆனால் எப்படியும் மணப்பதாக இருந்தால், அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடினமான வழியில் போவதில் பொருளில்லை.

வேறு நாட்டவர், வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணைக்கான 30 நாள் கழிந்த பிறகு, மூன்று சாட்சிகள் முன்னிலையில் பதிவு. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டவரிடம், அவர் மணக்கத் தடையில்லை என்று அவருடைய தூதரகம் தரும் சான்றையும் கேட்பார்கள். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் 90 நாள் விசாவில் வருபவர் அதை ஊரிலிருந்தே தயார் செய்துகொண்டு வருவது நல்லது.

அந்த நோட்டீஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரும் முகவரியும் எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கும் ஒரு பிரதி போய் அங்கேயும் ஒட்டப்படும். சென்னையில் சத்தமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்த மதுரைப் பெண்ணின் தகவல், நோட்டீஸ் ஒட்டிய சில நாளில் மதுரையில் சித்தப்பா காதுக்குப் போய்ச் சேரலாம். வீட்டில் அச்சுறுத்தல் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அல்லது துணையின் நாட்டில் மணம் முடியுங்கள். துணை இலங்கைக் குடிமகன் என்றால், அங்கே வெளிநாட்டவர் இலங்கையரை மணக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2022-இல் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பதிவு முடிந்ததும் துணை என்ட்ரி விசாவுக்கு மாற எஃப்ஆர்ஆர்ஓவிடம் விண்ணப்பிக்கலாம். பதிவான திருமணம் இரண்டாண்டு நீடித்த பிறகு ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டைக்குத் தகுதி வரும்; பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை கொண்டவர்களுக்கும் அந்த வழி வந்தவர்களுக்கும் கிடையாது. திருமணம் சட்டப்படி முறிந்தால் அட்டையும் ரத்தாகும்.

ஒரே பாலினத்தவர் என்றால்

இந்தியாவில் திருமண வழி இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சற்று முன்னே போயிருக்கிறது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்று 2025 மே மாதத்தில் ஒரு தீர்ப்பில் கூறியது. மனத்துக்கு ஆறுதல், விசாவுக்குப் பயனில்லை.

ஆனால் மேலே சொன்ன கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, சுவீடன், நெதர்லாந்து ஆகியவை பாலின வேறுபாடு பார்ப்பதில்லை. கனடாவின் அந்தத் தனி வகைக்கு, உங்கள் நாட்டில் மணக்கவே முடியாது என்பது நேரடியான, வலுவான காரணம். ஊரறியச் சேர்ந்து வாழ முடியாததையும் இங்கே காரணமாக எழுதலாம், தகுந்த விளக்கத்தோடு.

யாருக்குப் பணம் கொடுப்பது

எளிய விண்ணப்பத்தை நீங்களே செய்யலாம். முன்பு மறுக்கப்பட்டிருந்தால், காலக்கணக்கில் இடைவெளி இருந்தால், முதல் திருமணம் முறிந்த தீர்ப்பு இன்னும் வராதிருந்தால், உதவி தேவைப்படும். அண்ணா சாலையிலும் நுங்கம்பாக்கத்திலும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டின் குடியேற்ற முகவர் பதிவு ஆணையத்திலும், கனடாவுக்கு அந்நாட்டின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பிலும், பிரிட்டனுக்குக் குடியேற்ற ஆலோசனை ஆணையத்திலும் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தந்த நாட்டில் தொழில் செய்ய உரிமம் பெற்ற வழக்கறிஞர்களுக்குத் தனிப் பட்டியல்கள் உண்டு. ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேட்டு, அவர் எதிரிலேயே கைப்பேசியில் தேடிப் பாருங்கள். எண் இல்லாவிட்டாலோ, "ஒரு கோயிலில் கல்யாணம் நடந்ததாகச் சான்று எடுத்துத் தருகிறேன், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் பேச்சைத் தொடங்கினாலோ, கொண்டுபோன பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.